பகவன் முதுகும் வலித்தது

சாவத்தி நகரத்தின் கிழக்குப் பூங்கா. விசாகை கட்டிக்கொடுத்த மாளிகை. அந்தி வெயில் விழும் இடமாகப் பார்த்து, முதுகில் சூடு படும்படி பகவன் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். ஆனந்தர் வந்து வணங்கி, கைகால்களைப் பிடித்துவிடுகிறார். பிடித்துவிட்டுக்கொண்டே மனசில் பட்டதை ஒளிக்காமல் சொல்லியும் விடுகிறார்: மேனியில் பழைய ஒளி இல்லை, தோல் சுருங்கிவிட்டது, அங்கங்கள் தளர்ந்துவிட்டன, உடம்பு முன்பக்கமாகக் கூனிவிட்டது. புத்தர் மறுக்கவில்லை. இளமைக்குள் மூப்பும் நலத்துக்குள் நோயும் முன்பே இருக்கின்றன என்ற பொருளில் பதில் சொல்கிறார். பாலித் திரிபிடகத்தின் சம்யுத்த நிகாயத்தில் உள்ள சின்னச் சுத்தம் (சூத்திரம்) இது.

கபிலவஸ்துவில் இன்னொரு காட்சி. சாக்கியர்கள் புதிதாக ஒரு மன்றம் கட்டி, தாங்கள் புழங்குவதற்கு முன் அவர் வந்து அமரவேண்டும் என்று அழைக்கிறார்கள். இரவு வெகுநேரம் வரை அறம் சொல்கிறார். பிறகு ஆனந்தரைக் கூப்பிட்டு, முதுகு நோவதால் தாம் சற்று நீட்டிப் படுக்கப்போவதாகவும், மீதியை அவரே சொல்லும்படியும் கேட்கிறார். மேலாடையை நான்காக மடித்து விரித்து, வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறார். பாவா ஊரில் மல்லர் என்ற குலத்தார் கட்டிய மன்றத்திலும் இப்படியே நடக்கிறது. அங்கே பேச்சைத் தொடர்பவர் சாரிபுத்தர். ஒன்று முதல் பத்து வரை எண்வரிசையில் கோட்பாடுகளைத் தொகுத்து அன்றிரவு அவர் பேசியதுதான் தீக நிகாயத்தின் சங்கீதி சுத்தம். முடிவில் புத்தர் எழுந்து, நன்றாகச் சொன்னீர் என்று அதை ஏற்கிறார். ஆசிரியருக்கு முதுகு வலித்ததால் திரிபிடகத்துக்கு ஒரு நீண்ட சுத்தம் கிடைத்தது. நூலைக் காத்து வந்தவர்கள் நினைத்திருந்தால் இந்த வலியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். விடாமல் வைத்ததற்கு நான் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

எனக்கு 71 வயது. கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடு ஒன்றில் பிறந்தேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வுபெற்றேன். இப்போது ராபர்ட்சன்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறேன். இடுப்புக்கு மேலே, புடவை சுற்று முடியும் இடத்தில், கையகலத்துக்கு ஒரு வலி ஓய்வுக்குப் பிறகு வந்து தங்கிவிட்டது. காலையில் கட்டிலை விட்டு எழும்போது பலகைபோல இருக்கும். கொஞ்சம் நடமாடினால் இளகும். நின்றபடி சாதம் வடிக்க முடியாது. பௌர்ணமிக்கு விகாரையில் உட்கார்ந்து எழுந்தால், நிமிர்வதற்குச் சுவரைப் பிடிக்கவேண்டும்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பௌத்தம். அயோத்திதாச பண்டிதர் 1898-இல் சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 முதல் ‘தமிழன்’ வார இதழை நடத்தினார். அந்தச் சங்கத்தின் தொடக்ககாலக் கிளைகளில் ஒன்று மாரிகுப்பத்தில் இருந்தது. வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த சனங்கள், பூமிக்கடியில் ஷிப்ட்டு முடித்து வந்து, விளக்கு வைத்துக்கொண்டு பத்திரிகையை வாய்விட்டுப் படிக்கக் கேட்டார்கள். பண்டிதர் மறைந்தபின் 1926-இலிருந்து அப்பாதுரையார் தங்கவயலிலேயே ‘தமிழன்’ இதழை மீண்டும் நடத்தினார். என் ஆயா எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது அதில்தான். பிறப்பால் ஒருவன் தாழ்ந்தவன் என்பதை ஏற்காத மதம் வேண்டும் என்று தேடி வந்த சனங்கள் நாங்கள். இந்தக் கட்டுரையின் கேள்வி எனக்கு ஏன் உறுத்துகிறது என்பது இந்த வரலாற்றில் இருக்கிறது.

கேள்வி இதுதான்: வயதான காலத்தில் வரும் இந்த இடுப்புவலி முன்வினையின் பலனா?

இதைப் பெரிய சாஸ்திரக் கேள்வியாக யாரும் கேட்பதில்லை. பௌர்ணமி பூசை முடிந்து பாயைச் சுருட்டும்போது, எழ முடியாமல் ஒருத்தி முனகுவாள். பக்கத்தில் இருப்பவள், “எந்த ஜென்மத்துல யார் முதுவ ஒடிச்சோமோ, இப்ப அனுபவிக்கிறோம்” என்பாள். பேச்சு அவ்வளவுதான். ஆனால் அந்த வாக்கியம் வெறும் வாய்ப்பேச்சிலிருந்து வந்ததில்லை. பாலித் திரிபிடகத்திலேயே, அபதானம் என்ற தொகுப்பில், புத்தர் தம் உடல் துன்பங்களுக்கெல்லாம் முற்பிறவிக் காரணம் சொல்வதாக ஒரு பகுதி உண்டு. முதுகுவலிக்கு அங்கே சொல்லப்படும் காரணம்: முன்னொரு பிறவியில் அவர் மல்லராக, அதாவது மற்போர் வீரராக இருந்து, மல்யுத்தத்தில் எதிராளியை நொறுக்கிவிட்டார் என்பது. ஆக, பாய் சுருட்டும் எங்கள் பெரியம்மாவின் பேச்சுக்கு நூலாதாரமே இருக்கிறது. அதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்குச் சரியான பதில் அதே திரிபிடகத்திலிருந்துதான் வரவேண்டும்.

நூலுக்குப் போகுமுன் எங்கள் லைனைச் சொல்லவேண்டும்.

என் நைனா, அதாவது அப்பா, சுரங்கத்தில் டிராமர். உடைத்த தாதுப்பாறையை வாரித் தொட்டி வண்டியில் நிரப்பி, அதைத் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போய் ஷாப்ட் அருகே சேர்ப்பது அவர் வேலை. நிமிர்ந்து நின்று வாரமுடியாத இடங்களில் குனிந்து வாருவார். வண்டி தடம் புரண்டால் நாலு பேர் முதுகு கொடுத்துத் தூக்குவார்கள். தங்கவயல் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. ஆழம் கூடக்கூடப் பாறையே சுடும். வேர்த்துக் கொட்டும் உடம்போடு கேஜில் ஏறி, விடிகாலைக் குளிர் அடிக்கும் மேட்டுக்கு வந்து நிற்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நைனா தரையில் குப்புறப் படுப்பார். என்னைக் கூப்பிட்டு முதுகை மிதிக்கச் சொல்வார். அப்போது எனக்கு ஏழு, எட்டு வயதிருக்கும். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, முதலில் குதிகால் படாமல் விரல்களால், பிறகு முழுப் பாதத்தால் மிதிப்பேன். தண்டின் இரண்டு பக்கமும் சதை கயிறு முறுக்கியதுபோல இறுகி, காலுக்கடியில் உருளும். “இன்னும் கீழ, இன்னும் கீழ” என்பார். இடுப்பெலும்பு தொடங்கும் இடம் வந்ததும் பேச்சு நின்று மூச்சு மட்டும் வெளியே வரும். அந்த நேரத்தில் லைன் முழுக்க வீட்டுக்கு வீடு ஒரு பிள்ளை ஒரு முதுகை மிதித்துக்கொண்டிருக்கும். கதவு திறந்தே கிடக்கும், எல்லாம் தெரியும். சில வீடுகளில் செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுப்பார்கள்.

பிறகு வளர்ந்து அபதானக் கதையை முதன்முதலாக ஒரு பந்தே (பிக்கு) சொல்லக் கேட்டபோது, எனக்கு வந்த எண்ணம் இதுதான்: அத்தனை முற்பிறவி மல்லர்களும் தேடிப்பிடித்து ஒரே லைனில் வந்து பிறந்தார்களா? வட ஆர்க்காட்டின் சேரிகளிலிருந்து ஒரே சாதிச் சனங்களாக, ஒரே வேலைக்கு வந்து, ஒரே இடத்தில் வலிப்பவர்களுக்கு ஒரே பாவம்தான் கணக்கா? இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டால், அதற்கு அடுத்த வரியையும் ஒப்புக்கொள்ளவேண்டிவரும். தாழ்ந்த குலத்தில் பிறந்ததும் முன்வினை என்ற வரி அது. அதை ஏற்காமல்தான் என் ஆயா பஞ்சசீலம் எடுத்தாள்.

லைனுக்கு வெளியே உலகத்தைப் பார்த்தாலும் கணக்கு இடிக்கிறது. 2020-இல் உலகில் கீழ்முதுகு வலி உள்ளவர்கள் 61.9 கோடிப் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 2050-க்குள் 84.3 கோடி ஆகும் என்கிறார்கள். மக்கள்தொகை பெருகுவதும் முதியோர் கூடுவதும் காரணம். உலகத்தில் மனிதரை முடக்கி வைக்கும் கோளாறுகளில் முதலிடம் இதற்குத்தான். வயது ஏற ஏற இது வருபவர்களின் விகிதமும் ஏறி, எண்பதை ஒட்டி உச்சத்துக்குப் போகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கூர்ந்து பார்த்தால், இது தனித்தனி மனிதரின் குற்றங்களைத் தொடர்ந்து போகும் வலி மாதிரி நடந்துகொள்ளவில்லை. வயதைத் தொடர்கிறது, குனிந்து தூக்கும் வேலையை, அதிரும் எந்திரத்தை, அசையாமல் உட்கார வைக்கும் இருக்கையை, கலங்கிய மனதைத் தொடர்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று ஒற்றைக் காரணத்தைச் சுட்டிக்காட்டக்கூட முடிவதில்லை.

முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஐந்து எலும்புகள். அவற்றுக்கு நடுவே உள்ள வட்டுகளுக்கு, வளர்ந்த மனிதரிடம், தனியாக ரத்த ஓட்டம் அநேகமாக இல்லை. உடம்பு அசைந்து, அழுத்தம் கூடிக் குறையும்போது சுற்றிலுமுள்ள நீர்மம் ஊறித்தான் அவை பிழைக்கின்றன. வயதாக ஆக அவற்றில் நீர் குறைகிறது, உயரம் குறைகிறது, பின்னாலுள்ள சிறு மூட்டுகள் மேல் பாரம் ஏறுகிறது, சிலருக்கு நரம்பு போகும் கால்வாய் குறுகிவிடுகிறது. அப்படிக் குறுகியவர்களுக்கு நடந்தால் கால் மரத்துவிடும். எதன் மேலாவது முன்னால் சாய்ந்தால் சற்று ஆறும். காய்கறிக்காரரின் தள்ளுவண்டியைப் பிடித்துக் கொஞ்ச தூரம் தள்ளினால் சுகமாக இருக்கிறது என்று எங்கள் தெருத் தாத்தா ஒருவர் சொல்வார். வினோதம் என்று எல்லோரும் சிரித்தார்கள். குனியும்போது அந்தக் கால்வாய் கொஞ்சம் அகலமாகிறது, அதுதான் காரணம்.

எனக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எல்-4, எல்-5 தேய்மானம், வட்டு பிதுக்கம் என்று எழுதி வந்தது. அதைப் படித்த அன்று முழுவதும் உடைந்துபோன பாத்திரமாக என்னை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். பின்னால் ஒரு புள்ளிவிவரம் படித்தேன், அதை எல்லா முதியவர்களுக்கும் சொல்கிறேன். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு வட்டு தேய்மானம் இருந்தது. எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம். வலி இல்லாதவர்களிடம்! அப்படியானால் தேய்மானம் என்பது முதுகுக்கு வரும் நரை. அதைக் காகிதத்தில் பார்த்துவிட்டுத் தன் வாழ்க்கையின் மேல் எழுதிய தீர்ப்பாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டியதில்லை. மருத்துவர் தீர்ப்பாகச் சொன்னாலும் சரி, மதம் தீர்ப்பாகச் சொன்னாலும் சரி.

இப்போது நூலுக்கு வருகிறேன்.

ராஜகிருகத்து மூங்கில் வனத்தில் புத்தர் தங்கியிருக்கும்போது மோலிய சீவகர் என்ற துறவி வந்து நேராக ஒரு கேள்வி கேட்கிறார். மனிதன் அனுபவிக்கும் இன்பம், துன்பம், இரண்டுமில்லாத உணர்வு எல்லாமே முன்செய்த வினையால்தான் என்று சில துறவிகளும் பிராமணரும் சொல்கிறார்கள். கௌதமர் என்ன சொல்கிறார்? இதைவிட வெளிப்படையாக என் கேள்வியை நான் கேட்டிருக்க முடியாது. புத்தர் எட்டுக் காரணங்களை எண்ணிச் சொல்கிறார். பித்தத்தால் வரும் வேதனை உண்டு. கபத்தால் வருவது உண்டு. வாதத்தால் உண்டு. மூன்றும் கூடி வருவது உண்டு. பருவம் மாறுவதால் உண்டு. உடம்பை முறைகேடாக நடத்துவதால் உண்டு. பிறர் தாக்குவதால் உண்டு. எட்டாவதாக, வினைப்பயனால் வருவதும் உண்டு. எல்லாமே வினைதான் என்று சொல்கிறவர்கள், ஒருவர் தானே அறியக்கூடியதையும் உலகம் மெய்யென்று ஏற்றதையும் தாண்டிப் போகிறார்கள், ஆகவே அது பிழை என்று முடிக்கிறார்.

எனக்குள் எல்லாவற்றையும் மாற்றிப்போட்டது, அவர் பிழை என்று சொன்ன முறை. வினை இல்லை என்று அவர் சொல்லவில்லை. கண்ணால் கண்டு, கேட்டறிந்து சொல்லக்கூடிய காரணம் முன்னால் நிற்கும்போது அதைத் தாண்டிக் காணாத காரணத்துக்குப் பாயாதே என்கிறார். நைனாவின் முதுகுக்குக் காரணம் எங்கே என்று கேட்டால், லைனில் இருந்த எந்தப் பிள்ளையும் ஷாப்டைக் கை நீட்டிக் காட்டியிருக்கும். அது தானே அறிவது, உலகமும் அறிவது. பட்டியலின் ஆறாவது காரணம் நைனாவுக்கு அப்படியே பொருந்துகிறது. முறைகேடாக நடத்தியது அவர் மட்டுமில்லை, அவரை வேலை வாங்கிய ஏற்பாடும்தான் என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன். என் வலிக்கு வயதும் வாதமும் போதும். வருடக்கணக்காக நின்றுகொண்டே பாடம் நடத்தியதும் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

மிலிந்த அரசனும் நாகசேனரும் பேசிக்கொண்ட நூலிலும் இந்த வழக்கு வருகிறது. எல்லாத் தீமையையும் எரித்துவிட்ட புத்தருக்கு எப்படி உடல் வேதனை வந்தது என்று அரசன் மடக்குகிறான். நாகசேனர் அதே எட்டுக் காரணங்களை எடுத்து வைத்து, வினையால் வருவது கொஞ்சம், மற்றவற்றால் வருவதே அதிகம் என்கிறார். அபதானத்தின் மல்லர் கதை ஒருபக்கம், சீவகருக்குச் சொன்ன பதில் மறுபக்கம். மரபு இரண்டையும் காப்பாற்றி நம் கையில் கொடுத்திருக்கிறது. நான் சீவகர் பக்கம் நிற்கிறேன். நிற்பதற்கு என்னிடமுள்ள காரணம் வசதியானது என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் தான் சொல்வதற்கு நியாயம் காட்டும் ஒரு சுத்தத்தை, நியாயம் காட்டாமல் கதையாக வரும் பகுதிக்கு மேலே வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

பாய் சுருட்டும் பெரியம்மாவின் பக்கத்தையும் சொல்லவேண்டும். அவளுக்கு எண்பது நெருங்குகிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். “இது கடன்னு நெனச்சா, கட்டி முடிச்சிடுவோம்னு ஒரு தெம்பு வருது டீச்சரம்மா. காரணமே இல்லன்னா எதுக்குத்தான் வலிக்குது?” என்று என்னிடம் கேட்டாள். அந்தத் தெம்பை நான் பிடுங்கமாட்டேன். தன் வலிக்குத் தானே ஒரு கதை சொல்லிக்கொண்டு இரவைக் கழிக்கிறவளிடம் போய்ச் சுத்தம் படித்துக் காட்டுவது கொடுமை. அதே கதையை அவள் அடுத்தவள் முதுகின் மேல் ஏற்றும்போது மட்டும் நான் வாயைத் திறக்கிறேன். தன் துன்பத்துக்கு வினை என்று சொல்லிக்கொள்வதில் பணிவு இருக்கலாம்; பிறர் துன்பத்துக்கு அப்படிச் சொல்வது, அவரைத் தொட்டுத் தூக்கவேண்டிய கையை மடக்கிக்கொள்வதற்கு ஒரு வழி.

முன்வினை என்று சொல்லாதவர்கள் சொல்லும் இன்னொரு பதில் இருக்கிறது: “வயசானா அப்பிடித்தான்.” நான் இதுவரை வயதைப் பற்றிச் சொன்னதெல்லாம் இந்தப் பேச்சுக்கு உதவியாகிவிடும் என்ற பயம் எனக்கு உண்டு. பொதுவாக வருவது என்றால் கவனிக்கவேண்டாதது என்று ஆகாது. எங்கள் பின்தெருவில் ஒரு ஆயா குளியலறையில் மெதுவாகத்தான் வழுக்கி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து முதுகைத் தொடவிடவில்லை. மகன் கூட்டிப்போன இடத்தில் வயசு என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டிலும் வயசு என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் படம் எடுத்தால், எலும்பு பஞ்சாகி ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. எலும்புக்கு மருந்து அப்போதுதான் தொடங்கினார்கள். எல்லாம் வினை என்பதும் எல்லாம் வயசு என்பதும் எனக்கு ஒரே பதிலாகத்தான் கேட்கிறது. இரண்டும் பட்டியலின் மற்ற வரிகளைப் பார்க்காமலே கேள்வியை மூடிவிடுகின்றன.

அதனால் எங்கள் விகாரையில் நான் ஓயாமல் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். முதுகுவலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு தப்பினால், தொடையிடுக்கு மரத்தால், கால் பலமிழந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்கக்கூடாது. காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, படுத்தாலும் ஆறாத ராத்திரி வலி, முன்பு புற்றுநோய் வந்த உடம்பு, சின்ன அடிக்குப் பின் வந்த கடும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் வயசு என்று யார் சொன்னாலும் கேட்காமல் பரிசோதனை கேட்கவேண்டும்.

இவை எதுவும் இல்லாமல் வெறுமனே வந்து தங்கிவிட்ட வலிக்கு என்ன செய்வது? நைனா காலத்தில் படுக்கையில் போட்டுவிடுவார்கள். இன்றைக்கு மருத்துவம் அதை மாற்றிக்கொண்டுவிட்டது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் முதன்முறையாக வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய புரிதலை வளர்த்தல், மசாஜ் போன்ற சில கைச்சிகிச்சைகள், மனத்துக்கான சிகிச்சை ஆகியவற்றை அது ஏற்கிறது. இடுப்பு பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்கவேண்டாம் என்கிறது. நான் வாங்கிய பெல்ட்டை மடித்து வைத்துவிட்டு, காலையும் மாலையும், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடு தெரியும் சாலையில் நடக்கிறேன்.

மனத்துக்கான சிகிச்சை என்று படித்ததும் இரண்டு அம்புகளின் சுத்தம் நினைவுக்கு வராத பௌத்தர் இருக்கமாட்டார். உடம்பில் தைக்கும் வேதனை முதல் அம்பு. அதன் மேல் அழுது, பயந்து, வெறுத்து நாமே குத்திக்கொள்வது இரண்டாவது. பயிற்சி உள்ளவருக்கு முதல் அம்பு மட்டும் தைக்கிறது என்பார் புத்தர். இதை நான் நம்புகிறேன். என் உடம்பில் பார்த்தும் இருக்கிறேன். குனிந்தால் ஒடிந்துவிடும் என்ற பயத்தில் மாதக்கணக்கில் குனியாமலே இருந்தபோது வலி கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனால் தியானம் செய்தால் முதுகுவலி போய்விடும் என்று விற்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில், 65 வயது தாண்டிய, நாள்பட்ட இடுப்புவலி உள்ள 282 பேரை வைத்து விழிப்புநிலைத் தியானத்தைச் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். எட்டு வாரப் பயிற்சி முடிந்தபோது, தியானம் பயின்றவர்களின் நடமாட்டம் தேறியிருந்தது. ஆறு மாதம் கழித்து அந்தத் தேற்றம் நிலைக்கவில்லை. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. தியானத்தின் உச்சியில் இருந்தவரே முதுகு நோகிறது என்று படுத்தார். முதல் அம்பை விலக்குவதாக அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

விகாரையில் நாற்காலி போடுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் பெரிய வழக்கு நடந்தது. புத்தர் சிலைக்கு முன் எல்லோரும் தரையில் பாய் விரித்துத்தான் உட்காருவோம். நெற்றி, இரண்டு கை, இரண்டு முழங்கால் தரையில் படும்படி மூன்று முறை வணங்குவோம். நாற்காலியில் உட்கார்ந்தால் சிலைக்குச் சமமாகத் தலை நிற்கும், அது மரியாதைக் குறைவு என்று சிலர் வாதாடினார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். மரியாதை போய்விட்டால் விகாரை வெறும் கூடம். ஆனால் மூன்று பெண்கள் பௌர்ணமிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள், தரையில் உட்கார முடியாத வெட்கத்தால். கூட்டத்தில் நான் பிக்குகளின் ஒழுக்க நூலான விநயத்தை எடுத்து வைத்தேன். உயர்ந்த ஆசனத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் படுத்திருப்பவருக்கும் பிக்கு அறம் சொல்லக்கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதிகள் ஒவ்வொன்றிலும் ‘நோயில்லாதவர்’ என்ற நிபந்தனை சேர்ந்தே இருக்கிறது. மரியாதையை எழுதும்போதே நோயாளிக்கு வழிவிட்டு எழுதியிருக்கிறார்கள். அடுத்த பௌர்ணமிக்குச் சுவரோரம் ஆறு நாற்காலிகள் வந்தன. மூன்று பெண்களும் வந்தார்கள். வணங்கும் நேரத்தில் உட்கார்ந்தபடியே கைகுவித்துத் தலை தாழ்த்துகிறோம்.

நான் நடத்திவந்த ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள் வகுப்பையும் கைமாற்றிக் கொடுத்தேன். இப்போது நடத்துகிறவள் 26 வயதுப் பெண். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடியபின் எங்கள் ஊரின் பிழைப்பு ரயிலில் ஏறிவிட்டது. விடியுமுன் மாரிகுப்பத்தில் கிளம்பும் வண்டியில் ஆயிரக்கணக்கில் பெங்களூருக்குப் போய், இருட்டியபின் திரும்புகிறார்கள். அவளும் அதில்தான் ஒரு கார்மென்ட்ஸுக்குப் போய்வருகிறாள். வகுப்பில் சீவகர் சுத்தத்தை நடத்தவேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். கையை இடுப்பின் பின்னால் வைத்தபடியே பேசினாள்.

“ஆன்ட்டி, உங்க லிஸ்ட்ல என்னோடது எத்தனாவது?”

வயசு என்று சொல்ல வழியில்லை. நாள் முழுக்க எப்படி உட்காருகிறாய் என்று கேட்டேன். முதுகுசாய இடமில்லாத முக்காலி, மிஷின் உயரத்துக்குத் தாழ்வாக இருப்பதால் கழுத்தை நீட்டிக் குனியவேண்டும், எழுந்து நடந்தால் சூப்பர்வைசர் கேட்பார், தண்ணீர் குடித்தால் எழவேண்டிவரும் என்று குடிப்பதில்லை, போக வர ரயிலில் மணிக்கணக்கில் நின்றுகொண்டே. ஆறாவது என்று அவளே சொன்னாள். அவள் வரிசையில் இருக்கும் எல்லாப் பெண்களுக்கும் அதே இடத்தில் வலியாம்.

சாய்மானம் உள்ள இருக்கையும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எழுந்து நிற்க அனுமதியும் கேட்டு மனு எழுதுகிறோம். கன்னடத்தில் அவள் எழுதுகிறாள், தமிழில் நான். வரிசையில் பதினொரு பேர் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் நாலு பேர் வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை கொடுக்கிறார்கள்.